விருத்தம் முடியும் இடம்

தவசியைப் பற்றி நெருப்பெரிச்சல் ஊரில் யாரிடம் விசாரித்தாலும் நல்ல மாதிரியாகத்தான் சொல்வார்கள். அடக்கமான மனுஷன். நாம் பேசினால் முகத்தையே பார்த்துக் கேட்பான், அவ்வளவு மரியாதை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான், மனசுக்குள் ஏதாவது தாளம் ஓடிக்கொண்டிருக்கும். கச்சேரி மேடையில் ஜமுக்காளத்தை ஒதுக்கிவிட்டு வெறும் பலகையில் உட்கார்ந்து டோலக் வாசிப்பான், தொழில் பக்தி. ஊரார் ஒருவனைப் பற்றி இப்படி முடிவு கட்டிவிட்டால் அப்புறம் அவனை உற்றுப் பார்ப்பதில்லை. அது தவசிக்கு வசதியாகப் போயிற்று. அவனிடம் அடக்கமும் இல்லை, பக்தியும் இல்லை. இருந்ததெல்லாம் பயம். தனக்குக் காது போய்விட்டது வெளியே தெரிந்துவிடுமோ என்கிற பயம்.

ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, கல்யாணமான கையோடு பிழைப்புக்கு வந்தவன். வந்த நாளிலிருந்து நிட்டிங் கம்பெனியில் ஆபரேட்டர். ஒரே ஷெட்டுக்குள் பதினான்கு மிஷின்கள் சுற்றிச் சுற்றி நூலைத் துணியாக இறக்கிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் நிட்டிங்காரர்கள் யாரும் கத்துவதில்லை. வாயை அசைத்தால் போதும், எதிரில் நிற்பவன் புரிந்துகொள்வான். டீ வேண்டுமென்றால் கட்டைவிரல், நூல் தீர்ந்துவிட்டால் ஆள்காட்டி விரலைச் சுற்றுவது, சூப்பர்வைசர் வருகிறார் என்றால் மீசையைத் தடவுவது. சூப்பர்வைசருக்கு மீசை கிடையாது என்பது வேறு விஷயம். இப்படியே பத்தொன்பது வருஷம் ஓடியது. காது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது அங்கே ஒருத்தனுக்கும் தெரியவில்லை. தவசிக்கே தெரியவில்லை.

தெரிந்தது 2008இல், ஊரெல்லாம் கரண்ட் கட் ஆன வருஷம். ஒரு நாள் மத்தியானம் அத்தனை மிஷினும் ஒரே மூச்சில் நின்றன. ஜன்னல் இல்லாத ஷெட், கும்மிருட்டு. தவசி நின்ற இடத்திலேயே நின்றான். இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, எல்லாரும் அதற்குள் வெளியே போய்விட்டார்களா என்று நினைத்தான். யாரோ செல்போனைத் தட்டி வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டினார்கள். கையெட்டும் தூரத்தில் ஆறு பேர் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் இவனைப் பார்த்துத்தான் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். பதில் வராததால் மறுபடியும் கேட்டான். தவசிக்கு அப்போதுதான் புரிந்தது. பொத்தாம்பொதுவாகச் சிரித்துவைத்தான். அன்றைக்கு ஆரம்பித்தது அந்தச் சிரிப்பு.

மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயிருந்தன. சைக்கிள் மணி, கொலுசு, குக்கர் விசில், பொம்பளைகளின் குரல். லாரி போவது கேட்கும். டோலக்கின் இடது பக்கம் 'தும்' என்பது கேட்கும். மனைவி ராக்கம்மாள் சோறு தின்னக் கூப்பிட்டால் நாலு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவள் தொண்டை தயவில் வீட்டிலும் குட்டு வெளிப்படவில்லை. டாக்டரிடம் போகலாம்தான். போனால் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவாரே! காது மந்தம் என்று தெரிந்த மறுநாளே, பின்னால் நூல் வண்டி வந்து மோதினால் யார் பதில் சொல்வது என்று பழைய ஆபரேட்டர் மூக்கையாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை அவன் கண்ணால் பார்த்தவன்.

கம்பெனி போனால் வேறு ஏதாவது மூட்டை தூக்கிப் பிழைத்துக்கொள்ளலாம். மேடை போனால் என்ன செய்வது? அதை நினைத்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வீரபாண்டியில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டராக இருந்த மோகன்ராஜ் ஒரு கச்சேரிக் குழு வைத்திருந்தான். அவனே கீபோர்டு. செக்கிங் வேலை பார்க்கும் சித்ரகலா பாட்டு. தவசி டோலக். ஞாயிற்றுக்கிழமையானால் காது குத்து, சீமந்தம், கல்யாண வரவேற்பு, சர்ச் ஆண்டு விழா என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் கூப்பிடுவார்கள். ஆறு நாள் பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு கிடக்கிறவன், ஏழாம் நாள் சந்தன நிறச் சட்டை போட்டு மேடையில் உட்கார்ந்தால் அவன் வேறு ஆள்.

காது இல்லாமல் எப்படி வாசித்தான் என்று கேட்டால், ஷெட்டில் பிழைத்த மாதிரிதான். பலகையில் ஏறி வரும் கீபோர்டின் அதிர்வு தொடையில் தெரியும். சித்ரகலாவின் வலது கால் தாளம் போடும். கஷ்டமெல்லாம் ஒரே இடத்தில்தான். பாட்டுக்கு முன்னால் தாளமே இல்லாமல் இழுத்துப் பாடும் விருத்தம் முடிந்து, பாட்டின் முதல் சொல் விழும்போது டோலக்கின் முதல் அடியும் சேர்ந்து விழ வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் அசிங்கம், பிந்தினாலும் அசிங்கம். சித்ரகலா அந்த இடத்தில் லேசாக மோவாயை இறக்குவாள். அது போதும் அவனுக்கு. அந்த மோவாயை நம்பித்தான் ஒரு வருஷம் மானத்தோடு இருந்தான்.

2009 ஆவணியில் சித்ரகலாவுக்கு ஏழாம் மாசம். மேடை ஏறக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தாராபுரத்தில் மோகன்ராஜின் அக்கா குழந்தைகளுக்குக் காது குத்து. சொந்த வீட்டு விசேஷத்துக்கு வெளியாளைக் கூப்பிட அவனுக்கு மனசு வரவில்லை.

"நம்ம விஜயராணியே பாடட்டுமுங்க தவசியண்ணா. சித்ராகிட்ட அத்தன நாளு பாட்டுப் பழகியிருக்குதில்லீங்க?" என்றான்.

விஜயராணி தவசியின் ஒரே மகள். பதினெட்டு வயசு, பேக்கிங் வேலை. வீட்டில் சாயங்காலம் அவள் பாடிப் பழகும்போது தவசி எதிரில் உட்கார்ந்து தலையாட்டுவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள், முடித்ததும் "எப்படிப்பா?" என்பாள். "ரெண்டாவது அடியக் கொஞ்சம் மேல எடுத்தா" என்று குருட்டாம்போக்கில் எதையாவது சொல்லுவான். அந்தப் பிள்ளையும் நம்பி இரண்டாவது அடியை மேலே எடுத்துப் பாடும். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று தெரியாமல் அவன் தலையை இன்னும் வேகமாக ஆட்டுவான். மகளின் குரல் எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. சின்ன வயசில் அழுதது மட்டும்தான் ஞாபகம்.

மோகன்ராஜ் சொன்ன நிமிஷத்திலிருந்து தவசி வேறு எதையும் யோசிக்கவில்லை. இவள் கால் அசைக்காமல் கம்பம் மாதிரி நின்று பாடுகிறவள். மைக்கைப் பிடித்தால் பாதி முகம் மறைந்துவிடும். விருத்தம் முடிகிற இடம் எப்படித் தெரியும்?

"விருத்தம் வேணாம்த்தா, நேரா பாட்டுக்குப் போயிரு" என்று சொல்லிப் பார்த்தான்.

"போப்பா! சித்ராக்கா விருத்தம் பாடித்தான் பேர் வாங்குனாங்க. நானும் பாடுவேன்."

காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தான். ராக்கம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பிள்ள மொத மொத மேடையேறுது, ஒனக்குக் காய்ச்சலா?" என்று தெருவுக்கே கேட்க ஒரு சத்தம் போட்டாள். காய்ச்சல் ஓடிவிட்டது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். விருத்தம் நாலு வரி. அவள் வரிக்கு ஒரு மூச்சு எடுப்பாள். மூச்சு எடுக்கும்போது தோள் ஏறும். நாலு தோள் ஏற்றம், அப்புறம் நாலாம் வரி இழுக்கிற நேரம், அடுத்தாற்போல் முதல் அடி. ஒரு வாரம் அவள் பாடும்போதெல்லாம் தோளையே பார்த்து எண்ணினான். ஏழு தடவையும் சரியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனில் தாராபுரம் போகும்போது தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டான். வேனில் பேச்சு பின்னாலிருந்து வரும், வாயைப் பார்க்க முடியாது; தூங்குகிறவனை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனான்.

மண்டபம் நிறைந்த சனம். தாய்மாமன் என்ற முறையில் மோகன்ராஜே குழந்தைகளை மடியில் வைத்துக் காது குத்தி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கீபோர்டுக்கு வந்தான். விஜயராணி பச்சைப் பாவாடை தாவணியில் மைக்கைப் பிடித்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். தவசி டோலக்கை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டான். இத்தனை பேர் முன்னால் மகளைத் தலைகுனிய வைத்துவிடாதே, இன்றைக்கு மட்டும் காப்பாற்று என்று சொந்த ஊர்க் கருப்பனைக் கும்பிட்டுக்கொண்டான்.

தோள் ஏறியது. ஒன்று. முன்வரிசையில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். நன்றாகப் பாடுகிறாள் போலிருக்கிறது. தோள் ஏறியது. இரண்டு. மறுபடி ஏறியது. மூன்று. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் பரிமாறுகிற ஆட்கள்கூட வாளியோடு நின்றுவிட்டார்கள். தோள் ஏறியது. நாலு. கழுத்து நரம்பு புடைத்தது, இழுக்கிறாள், இழுக்கிறாள், அடங்கியது. தவசி அடித்தான்.

தும்.

முதல் மேடை. பயத்தில் மூன்றாம் வரியின் நடுவிலேயே ஒரு மூச்சு கூடுதலாக எடுத்திருக்கிறாள். பாட்டு வரவில்லை, நாலாம் வரியே இனிமேல்தான் வரவேண்டும். மூச்சை இழுத்து அதைத் தொடங்கவிருந்த பிள்ளையின் வாயில் அந்த அடி விழுந்தது. மண்டபம் மொத்தமும் தவசியைத் திரும்பிப் பார்த்தது. விஜயராணி கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தால்கூடத் தேவலை. அவள் அப்பனைப் பார்த்துப் பயந்துபோய் நின்றாள்.

மோகன்ராஜ் கெட்டிக்காரன். தலையசைத்து அவளை நாலாம் வரிக்குள் தள்ளிவிட்டு, கீபோர்டிலேயே தாளத்தைப் போட்டுக்கொண்டான். அவள் முடித்தாள். அடுத்த நாலு பாட்டும் பாடினாள். தவசியின் கை அப்புறம் எழும்பவே இல்லை. பெரிய அதிர்வு ஒன்று பலகையில் வந்தபோது நிமிர்ந்து பார்த்தான், சனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்பது அந்த மண்டபத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது.

சாமான்களைக் கட்டும்போது மோகன்ராஜ் முன்னால் வந்து நின்றான்.

"நைட் ஷிப்ட் முடிச்சுப்போட்டு நேரா வேனுல ஏறிட்டீங்க போல. கை நழுவிருச்சுங்களா? உடுங்க, நம்மூட்டு விசேஷந்தானுங்க."

தவசி ஆமாம் என்று தலையாட்டினான். தப்பித்தோம்! நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம் என்று அந்த நிமிஷத்தில்கூட அவனுக்குத் தோன்றியது. மனுஷனை என்ன சொல்ல!

மண்டபத்தின் பின்பக்கம், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் விஜயராணி தனியாக நின்றாள். அவனைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நா எங்கப்பா தப்பு விட்டேன்?"

"நீ ஒரு தப்பும் விடலத்தா. கை நழுவிருச்சு."

"பொய் சொல்லாதப்பா. ஒனக்கு ஒரு நாளும் கை நழுவுனதில்ல. சுதி எறங்கிருச்சுல்ல? கேக்கச் சகிக்காமத்தான அடிச்சு நிப்பாட்டுன? அதுக்கப்பறம் கையவே வைக்கலையே நீ. எல்லாரும் பார்த்தாங்கல்ல." அவள் உதடு கோணியது. "மோகனண்ணன்கிட்டச் சொல்லிட்டேன், இனிமே வேற ஆளப் பார்த்துக்கச் சொல்லி. ஒனக்கே ஆகாதத ஊருக்கு எதுக்குப் பாடணும்? நா இனிமே வாயே தெறக்க மாட்டேன்."

அவள் சொன்னது ஒவ்வொன்றும் அவனுக்குப் புரிந்தது. வெயில் அவள் முகத்தில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் போதும். மோகன்ராஜ் சொன்னதையே இவளிடமும் சாதித்துவிடலாம். இரண்டு நாள் அழுவாள், பேக்கிங் வேலைக்குப் போவாள், பாட்டை விட்டுவிடுவாள். அவனுடைய குட்டு பத்திரமாக இருக்கும். இவளே பாடாமல் போனால், விருத்தம் முடிகிற இடத்தைத் தேடித் தவிக்கிற வேலையும் மிச்சம். இந்த நினைப்பு வந்ததும் அவனுக்குத் தன்னைப் பார்த்தே பயம் வந்துவிட்டது.

"நீ பாடுனது எனக்குக் கேக்கலத்தா" என்றான்.

"ஏன், மானிட்டர் ஸ்பீக்கர் வேல செய்யலையா?"

"மானிட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் காது கேக்காது. போன வருசமே போயிருச்சு. ஒன் தோளப் பார்த்து மூச்ச எண்ணித்தான் அடிச்சேன், எண்ணிக்க தப்பிப்போச்சு." தொட்டியைப் பிடித்துக்கொண்டான். "வீட்டுல நீ பாடுனது ஒண்ணுகூட நா கேட்டதில்ல. மேல எடு, கீழ எடுன்னு சொன்னதெல்லாம் சும்மா சொன்னது."

விஜயராணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு சாயங்காலமாகத் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் மாதிரி இருந்தது அவள் பார்வை. அவள் திட்டுவாளா, மன்னிப்பாளா என்று ஒன்றும் தெரியாமல் தவசி அவள் உதட்டில் கண்ணை வைத்துக் காத்துக்கொண்டிருந்தான். அவள் சட்டென்று தாவணி முந்தானையை அள்ளி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் கொட்டியது, தோள் குலுங்கியது, துணிக்குப் பின்னால் தாடை அசைந்துகொண்டே இருந்தது. எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தவசி இன்னும் கிட்டே போனான்.

"கைய எடுத்துட்டுச் சொல்லுத்தா" என்று கெஞ்சினான். "நீ என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியல."