மரக்கோயிலைக் காத்தவர்

ஊரே அவரைச் செயலாளர் என்றுதான் கூப்பிட்டது. பழைய மரக்கோயிலின் பாதுகாப்புக் குழுவுக்குச் செயலாளர். குழுவில் மற்றவர்கள் எப்போதோ கழன்றுகொண்டார்கள். சாவி மட்டும் இவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. வேறு எதற்கும் லாயக்கில்லாத மனிதருக்கு இதாவது இருக்கட்டும் என்று அவர் மனைவியும் விட்டுவிட்டாள்.

கப்பல் தச்சர்கள் ஓர் ஆணிகூட அடிக்காமல் மரத்தோடு மரம் கோத்துக் கட்டிய தேவாலயம் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அளப்பார். ஏதோ இவரே உளி பிடித்த மாதிரி ஒரு தோரணை. அந்த ஆணியில்லாக் கோயிலின் ஜன்னல்களை, சாரல் அடிக்கக்கூடாதென்று, ஆணி அடித்து மூடியவரும் இவர்தான். தூண் மங்கினால் ஒரு கோட் பெயின்ட். ஆண்டுவிழா வந்தால் அதன்மேல் இன்னொன்று. மரத்துக்குக் காற்று வேண்டாமா என்று யாராவது கேட்டால், "மரம் என்ன உங்க மாமனாரா, மூச்சு விட?" என்பார். கால் பட்டால் தரை தேய்ந்துவிடுமாம். ஆராதனையைப் பக்கத்துத் தகரக் கொட்டகைக்குத் துரத்திவிட்டார்.

அவர் மாமியார் இறந்துபோனார். அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே கல்யாணமும் முடித்தவர். அங்கிருந்துதான் கல்லறைக்குப் போகவேண்டும் என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"கொஞ்ச நேரம் திறந்து விடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"பைத்தியமா உனக்கு? அவ்வளவு கூட்டம் ஏறினா மரம் என்னத்துக்கு ஆகும்? கொட்டகையில வச்சுக்கலாம். செத்தவங்களுக்கு எல்லா இடமும் ஒண்ணுதான்."

இந்த ஆளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சாவியை எடுத்தாள். பெட்டியைத் தூக்கியவர்கள் கோயில் வாசலில் ஏறும்போது செயலாளர் ஈரத்தலையோடு ஓடிவந்தார்.

"தூண்ல இடிச்சிடாதீங்க!"

யாரும் இடிக்கவில்லை. முன்னால் நின்றவர் தடுமாறாமலிருக்க ஒரு கையைத் தூணில் ஊன்றினார், அவ்வளவுதான். கை மணிக்கட்டுவரை உள்ளே போயிற்று. பெயின்ட் தோலாகக் கிழிந்து, உளுத்துப்போன மரம் ஈரத்தூளாகக் கொட்டியது. செயலாளர் அடுத்த தூணை அழுத்திப் பார்த்தார். அதுவும் அதே கதி. இத்தனை நாளும் கூரையைத் தாங்கியது எதுவென்றே தெரியவில்லை.

தூக்கியவர்கள் பயந்து பெட்டியை முற்றத்திலேயே இறக்கிவிட்டார்கள். அம்மாவுக்குக் கோயில் கிடைக்கவில்லை. செயலாளர் படியில் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டுக் கதறினார். மாமியார் செத்த செய்திக்குக் காப்பியைக்கூடக் கீழே வைக்காத மனிதர்.

பின்னால் வந்த கூட்டத்துக்கு என்ன தெரியும்? மனைவியின் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முதுகைத் தடவினாள்.

"அழாதீங்க மாப்பிள்ளை. பெத்த மகனா இருந்தாக்கூட இப்படி அழமாட்டான்."

மனைவி பார்த்துக்கொண்டே நிற்க, அவர் மூக்கைச் சிந்திவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.