ராணி எப்படி இருந்துச்சு?

பகலெல்லாம் அவருக்கு சமையலறை அலமாரிகள் செய்யும் பட்டறையில் வேலை. மாலையிலும் விடுமுறை நாளிலும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் தேனீப்பெட்டி செய்வார். அக்கம்பக்கத்தில் பெட்டிக்காரர் என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும்.

அந்தப் பெட்டிக்காரரைத் தேனீ கொட்டினால் உயிருக்கே ஆபத்து.

ஒரு காலத்தில் அவரே மூன்று கூடுகள் வைத்திருந்தார். எத்தனையோ முறை கொட்டு வாங்கி, தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்தவர்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கழுத்தில் ஒன்று கொட்டியது. கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு, கொட்டகை வாசலிலேயே சரிந்தார். மனைவி பக்கத்து வீட்டுக் காய்கறி வண்டியில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பிழைத்து எழுந்ததும் டாக்டர் சொன்னார்: "இந்தத் தடவை வந்துட்டீங்க. அடுத்த தடவைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

அந்த வாரமே மனைவி மூன்று கூட்டையும் கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தாள். அவற்றை ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மனம் அடங்கினாலும் கை அடங்கவில்லை. ஒரு மாதம் கழித்து, மிஞ்சிய பலகையில் ஒரு காலிப் பெட்டி செய்தார்.

"இது எதுக்கு?" என்றாள் மனைவி.

"சும்மா."

"சும்மா கெடந்தா தேனீ சும்மா வந்து குடி பூந்துடும். யாருக்காவது குடுத்துடுங்க."

கொடுத்தார். வாங்கியவர் இன்னொருவரை அனுப்பினார். அப்படியே ஆள் சேர்ந்தது. கடையில் விற்கும் பெட்டி எல்லாருக்கும் ஒரே பெட்டி. இவர் செய்வது அப்படி இல்லை. உள்ளே, அடை கட்டுவதற்காகத் தொங்கவிடும் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே விடும் இடைவெளி தேனீயின் அளவு. அதில் மயிரிழை பிசகக் கூடாது. மற்றதெல்லாம் வளர்ப்பவரின் அளவு. இடதுகைக்காரருக்கு ஒரு மாதிரி, முழங்கால் மடங்காதவருக்கு ஒரு மாதிரி. "நான் சட்டைக்கு அளவெடுக்கிறேன், நீங்க பெட்டிக்கு அளவெடுக்கிறீங்க. ரெண்டு பேரும் ஒரே கடைய வச்சிருக்கலாம்" என்பாள் தையற்கடையில் வேலை பார்க்கும் மனைவி.

பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவளும் கூடவே வருவாள். வண்டி ஓட்டுவது அவர், இறங்குவது அவள்.

ஒரு தடவை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் பெட்டி கேட்டார். சக்கர நாற்காலியில் இருப்பவர். உட்கார்ந்தபடியே திறக்கும்படி, நீளமாக, தாழ்வாக வேண்டும். தோட்டத்தில் அப்போது கூடு எதுவும் இல்லாததால் பெட்டிக்காரர் தானே போய் நாற்காலியின் உயரத்தையும் நர்ஸம்மாவின் கை எட்டும் தூரத்தையும் அளந்தார்.

"நீங்களே வந்து தேனீயக் குடி வச்சுக் குடுங்களேன் தம்பி."

"எனக்கு ஆகாதும்மா" என்றார். பெண் கேட்டுப்போய், இல்லையென்று திரும்பி வந்தவர் அந்த வீட்டைப் பற்றிப் பேசுவது போல இருந்தது குரல்.

வேறொருவர் வந்து குடி வைத்தார். கூடு பெருகியது. தேன் ஏறிய சட்டங்களைத் தூக்க நர்ஸம்மாவின் விரல்களில் தெம்பில்லை. பெட்டிக்காரரின் மனைவியைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீ கொஞ்சம் கை குடுக்கிறியா?" என்றார். அவளுக்கு அந்தப் பூச்சி என்றாலே பயம். ஆனாலும் நாற்காலியில் இருப்பவரிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. திரைச்சீலை வலையில் தானே முகமூடி தைத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

அவர் எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேலியிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு சட்டத்தை உருவி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அவருடைய இரண்டு கைகளும் மடியிலிருந்து தாமாக உயர்ந்தன.

உடையை உதறிவிட்டு, ஒரு தேனீகூட ஒட்டவில்லை என்று நர்ஸம்மா சொன்ன பிறகே அவள் வந்து ஏறினாள்.

"ராணியப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"ராணி மாதிரி இருந்துச்சு. வண்டிய எடுங்க."

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பார். அவள் சொல்வது உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கும். ஆனாலும் அடுத்த தடவைவரை அவருக்கு அது தாங்கும்.

ஒருநாள் அவள் ஏறியதும் தானாகவே சொன்னாள்: "இன்னிக்கு சத்தம் சரியில்லைங்க. என்னமோ அழற மாதிரி இருந்துச்சு."

"எப்படி? செஞ்சு காட்டு."

"நடுரோட்டுலயா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"கண்ணாடி ஏத்தியிருக்கு. காட்டு."

அவள் வாயை மூடிக்கொண்டு முனகினாள். தாழ்வாக, விட்டுவிட்டு, நடுங்கும் ஓசை. அவர் முகம் மாறியது.

"ராணி போயிடுச்சு."

"ஐயோ, நான்தான் நசுக்கிட்டேனா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாலு நாள் கழிச்சுத் திறந்து பாரு. சட்டத்துல வேர்க்கடலை மாதிரி அறை தொங்குச்சுன்னா, அதுங்களே வேற ராணி வளர்க்குதுன்னு அர்த்தம்."

நாலு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு, நர்ஸம்மா வீட்டு வாசல் கதவைத் தாண்டும்போதே மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். கண் நிறைந்தது சந்தோஷத்தினாலா, அந்த மூன்று வேர்க்கடலைகளையும் தன் கண்ணால் பார்க்க முடியாததாலா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

புது ராணி வந்து முட்டையிடத் தொடங்கும்வரை, ஒரு மாதம் கூட்டைத் தொடக் கூடாது என்றார். அந்த மாதம் முழுக்க இழைத்த பலகையையே திரும்ப இழைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலை அவள் உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தவள் முகமூடியைக் கழற்றினாள். அவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

"இருக்கா. பழையவள விடக் கொஞ்சம் கருப்பு. மத்ததுங்க வேலையப் பார்த்துட்டே இருக்கு, ஆனா அவ பக்கத்துல வந்ததும் திரும்பி, முகத்த அவளுக்குக் காட்டிட்டு வட்டமா நிக்குதுங்க. அவளுக்கு ஒரு அவசரமும் இல்ல. ஒவ்வொரு அறையா எட்டிப் பார்க்கிறா. பிடிச்சிருந்தா வயித்த உள்ள விட்டு ஒரு முட்டை. அரிசியில பாதிகூட இல்லீங்க, நூல் துண்டு மாதிரி நிக்குது."

அவர் சாவியைத் திருகவில்லை.

"அதான் சொல்லிட்டேனே, கிளம்பலாமா?"

"முதல்லேர்ந்து சொல்லு" என்றார்.

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "மூடியத் திறந்தேனா..." என்று ஆரம்பித்தாள்.