ஓடைக்கு அந்தப் பக்கம்

அந்த ராஜ்ஜியத்தில் மலை உண்டு, ஆறு உண்டு, அரண்மனைகூட உண்டு. ஆனால் எல்லாமே காட்டின் தயவில்தான் பிழைத்துக் கிடந்தன. மேற்குச் சரிவில் வெயில் எட்டிப் பார்க்காது. ஆறுகள் மரவேர்களுக்கு அடியில் புகுந்து எங்கோ தள்ளி வெளியே வரும். மழைக்காலம் பிறந்துவிட்டால் கொடிகள் கண்ணெதிரே வளரும். ராஜாவே கட்டிலைச் சுற்றிய கொடியை வெட்டிவிட்டுத்தான் தரையில் கால் வைப்பார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்தக் காட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. வெட்டிப்போட்டது எதுவும் விடிவதற்குள் மக்கி மண்ணாகிவிடும், நேற்று அங்கே புதர் இருந்த சுவடே தெரியாது.

பாதை அடைத்துக்கொண்டால் அதற்கு அப்பாலுள்ள குடியிருப்பைக் காட்டோடு சேர்த்துவிடுவது அரசாங்க வழக்கம். அதனால் பாதை வெட்டுகிறவர்கள் இல்லாமல் அங்கே பிழைப்பு ஓடாது. அவர்களில் ஒருத்தியை எல்லோரும் மின்னல் என்றார்கள். வேகம் கையில் மட்டுமல்ல, வாயிலும்தான்.

மின்னலின் பாதை சந்தைத் தெரு முனையில் தொடங்கி, ஓடையைத் தாண்டி, தேன் எடுப்பவர்களின் குடியிருப்பில் முடியும். அங்கேதான் அவளுடைய அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். இருவருக்கும் பேச்சு அற்றுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

காரணம் அம்மாவின் சாவு. அடைமழையில் அம்மா கிடையாகக் கிடந்தபோது புறாவின் காலில் சேதி கட்டி அக்காவுக்கு அனுப்பினார்கள். அம்மா வாசலையே பார்த்தபடி கண்ணை மூடினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா வந்து நின்றாள்.

"பாதை அடைச்சுக்கிச்சுடி. வெட்டிக்கிட்டே வர்றதுக்குள்ள..." என்று அழுதாள்.

மின்னலுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே கிளம்பிப் போய்ப் பார்த்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் பாதை கூட்டிப் பெருக்கிய முற்றமாகத் துடைத்துக் கிடந்தது. திரும்பி வந்து நாலு பேர் முன்னால் கேட்டாள்.

"எங்க அடைச்சிருக்கு? பெத்தவளைப் பார்க்க மனசில்லாம பாதை மேல பழி போடுறியா?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனவள்தான், பிறகு ஊர்ப் பக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மின்னலுக்கு அந்தப் பாதை வேலை கிடைத்தது. ஒவ்வொரு மழைக்கும் ஓடை வரை வெட்டுவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். ஓடையைத் தாண்டினாலோ கணுக்கால் உயரத்துக்குமேல் எதுவும் இருக்காது. "அந்தப் பக்கத்து மண்ணுக்குச் சத்து பத்தாது" என்பாள் கூட வேலை செய்கிறவர்களிடம். உள்ளுக்குள் கோபம் புதிதாக மூளும். இதுவா அடைத்துக்கொள்ளும்? என்ன வாய்கூசாத பொய்! குடியிருப்பின் எல்லைக்கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். அக்கா வீட்டுக் கூரை அங்கிருந்தே தெரியும். அத்தான் இறந்த சேதி வந்தபோதும் கல்லைத் தாண்டவில்லை. வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

ஒவ்வொரு குடும்பமாக இடம்பெயர்ந்து, கடைசியில் அங்கே அக்கா மட்டும் மிஞ்சினாள்.

"ஒரே ஒரு வீடுதானேம்மா, பாதையை விட்டுடலாமா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"உங்க வேலையைப் பாருங்க. என் பாதையை நான் வெட்டிக்கிறேன்" என்று எரிந்து விழுந்தாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அடுத்த மழையில் வழக்கம்போல் ஓடையைத் தாண்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே ஆள் உயரத்துக்குப் புதர். முள்கொடி மரத்துக்கு மரம் பின்னிக் கிடந்தது. வழி தப்பிவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு உறைத்தது. மண்ணில் சத்துக் குறைவே இல்லை. தான் வருவதற்கு முன்பே யாரோ வருஷா வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தான் வேலைக்கு வந்த முதல் வருஷமும், அதற்கு முன்னால் அம்மா செத்த அந்த வருஷமும். வெட்டிப்போட்டது விடிவதற்குள் மக்கிப்போயிருக்கிறது.

அப்படியானால் இந்த வருஷம் ஏன் வெட்டவில்லை?

கண்மண் தெரியாமல் வெட்டினாள். முள் கிழித்துக் கையெல்லாம் ரத்தம். எல்லைக்கல்லை எப்போது தாண்டினாள் என்றே தெரியாது.

அக்கா வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் வீங்கித் துணி சுற்றியிருந்தது. மடியில் தீட்டித் தீட்டித் தேய்ந்துபோன அரிவாள். தங்கையின் கிழிந்த சேலையையும் கையையும் பார்த்தாள்.

"முதல் மழையிலேயே வழுக்கி விழுந்துட்டேன். இந்தத் தடவை ஓடை வரைக்கும் வர முடியலடி. ரொம்பக் கஷ்டப்பட்டியா?"

மின்னல் படியில் உட்கார்ந்து அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அடைச்சுத்தான் இருந்துச்சு அக்கா" என்றாள்.