உடன் யாரும் இருந்தார்களா?

என் அக்கா நாற்பத்து நாலு வயதில் எம்.ஏ. படிக்கப் போனாள். அதுவும் என்ன எம்.ஏ.? பாலினமும் பன்னாட்டு வளர்ச்சியும். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் வரவில்லை. யாராவது கேட்டால் அத்தான், "ஏதோ வளர்ச்சி படிக்கிறா" என்று சமாளிப்பார். இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"இதைப் படிச்சவங்க எழுதிக் குடுக்கிற கேள்வியைத்தான்டி இருபது வருஷமா வீடு வீடா போய்க் கேட்டுக்கிட்டு இருக்கேன். கேள்வியை எழுதுற பக்கம் ஒரு தடவையாவது போய் உக்காந்து பாக்கணும்" என்றாள்.

சரி தாயே, போய் உட்கார் என்று விட்டுவிட்டேன். அவளிடம் பேசி ஜெயிக்க நம்மால் ஆகாது.

அக்காவின் தொழில் கணக்கெடுப்பு. தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் முப்பத்திரண்டு பக்கப் படிவம். வீட்டில் கழிப்பறை உண்டா, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, கடைக்குப் போவது யார் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விடுவார்கள். அடுத்த வீட்டில் மருமகளைப் பற்றி ஒரு மணி நேரம் அழுது தீர்ப்பார்கள். அத்தனையையும் கட்டத்துக்குள் டிக்காக மாற்றிக்கொண்டு வருவாள். முன்பின் தெரியாதவர்களை ஐந்தே நிமிடத்தில் "உள்ள வாங்க" என்று சொல்ல வைத்துவிடுவாள். அந்த சாமர்த்தியத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு மை நாற்றத்தில் கிடக்கிறேன்?

என் கடை பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே. ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்பைரல் பைண்டிங். இங்கே பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேருடைய ஆய்வேடு என் விரல் வழியாகப் போனதுதான். அக்காவுக்கு டைப் அடிக்க வராது. ஆகவே அவளுடைய எம்.ஏ.வில் சரிபாதி என் தலையில் விடிந்தது.

முதல் பருவம் ஒழுங்காகத்தான் போயிற்று. இரண்டாம் பருவத்தில் வினை வந்தது. அக்காவுக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை, தான் எழுதிய கட்டுரை ஒன்றை வகுப்பில் கொடுத்திருக்கிறார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரையாம். அதில் ஓர் அட்டவணை. மருத்துவமனைக்குப் போவதை உங்கள் வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு, நூற்றுக்கு எழுபத்தோரு பெண்கள் "கணவரும் நானும் சேர்ந்து" என்று சொல்லியிருந்தார்கள். எந்த வருடத்துக் கணக்கெடுப்பு, எந்தப் பகுதி என்பதும் கீழே இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஆலைக் குடியிருப்பில் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் ஆறு பேர். அதில் ஒருத்தி எங்கள் அக்கா.

அன்று மத்தியானம் கடைக்கு வந்து காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் ஒரு பொய் எழுதினேன்டி. அது அச்சாகி வந்திருக்கு."

"என்ன உளர்றே?"

"நாங்க கேள்வி கேக்குறப்ப புருஷன்காரன் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துக்குவான். அந்தப் பொண்ணு அவன் மூஞ்சியைப் பாத்துட்டு, ரெண்டு பேரும்தான்னு சொல்லும். பாதி வீட்ல அவனே சொல்லிடுவான். படிவத்துல கடைசிக் கேள்வி எங்களுக்கு. பேட்டி எடுக்கிறப்ப உடன் யாரும் இருந்தாங்களான்னு. ஆமான்னு போட்டா சூப்பர்வைசர் படிவத்தைத் திருப்பி அனுப்பிடுவாரு, மறுபடியும் போகணும். ஒரு நாளைக்கு எட்டு வீடு முடிச்சாகணும். நாங்க எல்லாருமே இல்லைன்னுதான் போட்டோம்."

"சரி, போட்டே. ஊரே போட்டிருக்கு. இப்ப என்ன? வாயை மூடிக்கிட்டு டிகிரியை வாங்குற வழியைப் பாரு."

தப்பாகவா சொன்னேன்? அந்தப் பேராசிரியையின் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு நகராது. விஷயம் கணக்கெடுப்பு கம்பெனிக்குப் போனால் அந்த வாசலையே மிதிக்க விட மாட்டார்கள். முதுகு வலியால் அத்தானின் லாரி ஓட்டம் பாதியாகிவிட்டது. படித்துக்கொண்டே அக்கா லீவு நாட்களில் போய் வந்த கணக்கெடுப்பில்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனையும் தெரிந்தவள், மறுநாள் காலையில் நேராக அந்த அம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அறிவு இருக்கிறதா இவளுக்கு?

"மேடம் திட்டலடி. திட்டியிருந்தாக்கூடத் தேவலை" என்றாள் வந்து.

பேராசிரியை தன் கட்டுரையை எடுத்து அந்த அட்டவணையைப் பார்த்தாராம். பிறகு, "உங்க ஒருத்தங்க ஞாபகத்தை வெச்சு நான் எதையும் மாத்த முடியாது. இதையே ஆய்வா எடுத்துக்கங்க. ஆனா அரைகுறையா இருந்தா கையெழுத்து கிடையாது" என்றாராம்.

அக்கா மறுபடியும் பையைத் தூக்கினாள். அதே ஆலைக் குடியிருப்பு, அதே வரிசை வீடுகள். இந்த முறை ஆண்கள் ஷிப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனாள். முதலில் அனுமதி கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பேச்சை ஒலிப்பதிவு செய்தாள். முப்பத்தெட்டுப் பெண்கள். அந்தப் பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு எழுத்தாக்கியது அடியேன். முக்கால்வாசிப் பேருக்கு அக்கா முன்பு வந்ததே நினைவில்லை. வந்தது நினைவிருந்தவர்களில் பலர், அன்றைக்கு வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்ததையும் சொன்னார்கள். துணி தேய்த்துக் கொடுக்கிற ஓர் அம்மாவுக்கு ஒன்றுமே மறக்கவில்லை.

"இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. அந்தக் காது கேக்காது" என்றுதான் அந்தப் பதிவு ஆரம்பிக்கிறது.

நடு நடுவே இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுக்கும் சத்தம். அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்.

"நீங்க வந்தப்ப எனக்கு மூணு வாரமா காதுல சீழ். தலையைத் தூக்க முடியல. ஆஸ்பத்திரிக்குப் போறதை யாரு முடிவு பண்றதுன்னு கேட்டீங்க. ரெண்டு பேரும் பேசித்தான்னு அவரு சொல்லிட்டாரு. நான் உங்களையே பாத்தேன். பொம்பளையாச்சே, திருப்பி ஒரு வார்த்தை என்னைக் கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் என்ன செஞ்சேன்?" என்றது அக்காவின் குரல்.

"பேப்பரைப் பாத்து டிக் போட்டீங்க."

அதற்கப்புறம் இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுக்கும் சத்தம். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். அழுகை வந்தது. அக்கா மேல் கோபமும் வந்தது, அவளை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. கடைக்கு வந்த பெண் ஒருத்தி, "அக்கா, ரெண்டு பக்கமும் எடுக்கணும்" என்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆய்வேட்டின் வரைவைப் படித்த பேராசிரியை ஒரு யோசனை சொன்னார். "கணக்கெடுப்பாளர் ஒருவர் ‘இல்லை’ எனக் குறித்தார்னு எழுதுங்க போதும். யாருன்னு சொல்லணும்னு அவசியமில்ல." நல்ல மனசு இல்லாமல் அப்படிச் சொல்வார்களா? அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்து, "நான் ‘இல்லை’ எனக் குறித்தேன்" என்றே நோட்டில் எழுதி என்னிடம் நீட்டினாள். நான் அப்படியே டைப் அடித்தேன்.

ஒப்படைக்க வேண்டிய நாள் காலையில் என்னால் முடியவில்லை. அந்த "நான்" என்ற சொல்லைப் பார்க்கப் பார்க்க இது கம்பெனிக்காரர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்றே தோன்றியது. தேடித் தேடி ஏழு இடங்களில் "கணக்கெடுப்பாளர் ஒருவர்" என்று மாற்றினேன். மூன்று பிரதி எடுத்து, ஸ்பைரல் போட்டு, மேலே கண்ணாடித் தாளும் வைத்து முடித்தேன்.

நாலு மணிக்கு வந்தாள். ஐந்து மணிதான் கெடு, வாங்கிக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்தால், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறாள். இருபது வருடம் படிவம் சரிபார்த்த கண் ஆயிற்றே. நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றது.

"இதை மாத்துனது யாரு?"

"நான்தான். இப்ப அதுக்கென்ன? அத்தானையும் வீட்டையும் நெனச்சுப் பாத்தியா நீ? உன் மேடமே சொன்னதுதானே?"

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டே. உன் நல்லதுக்குத்தான்..."

"அந்த இஸ்திரிக்கார அம்மா புருஷனும் இதைத்தான்டி சொல்லியிருப்பான்."

சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மூன்று பிரதியின் ஸ்பைரலையும் உருவினேன். ஏழு இடத்திலும் "நான்" என்று திருத்தி, அந்தப் பக்கங்களை மறுபடி எடுத்துச் சொருகினேன். அவசரத்தில் மெஷின் இரண்டு தடவை தாளைக் கடித்தது. அதைக்கூடத் திட்டவில்லை நான்.

ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். பேராசிரியை அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தார். திருப்பி ஒரு முறை படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த வருஷத்துலேர்ந்து என் கட்டுரையோட இதையும் சேத்துக் குடுக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

பட்டம் வந்தது. விஷயம் எப்படியோ கம்பெனிக்கு எட்டி, அடுத்த கணக்கெடுப்புக்கு அழைப்பு வரவில்லை. ஆறு மாதமாயிற்று, இனி வராது. அத்தான் ஒரு வாரம் உர்ரென்று இருந்தார். அக்கா இப்போது என் கடையில்தான் பைண்டிங் போடுகிறாள், வேறு இடங்களுக்கு விண்ணப்பமும் போடுகிறாள்.

போன வாரம் அந்த இஸ்திரிக்கார அம்மாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன். சீட்டு அக்கா கையில் இருந்ததால் டாக்டர் அவளைப் பார்த்தே கேட்டார்.

"இவங்களுக்கு எத்தனை வருஷமா இப்படி?"

எனக்குத் தெரியும், டைப் அடித்தவள் ஆயிற்றே. வாயைத் திறந்தேன். அக்கா என் காலை நறுக்கென்று மிதித்தாள். அவள் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் புரியவில்லை. பேனாவை வைத்துவிட்டு அவரும் அந்தப் பக்கம் திரும்பினார்.

அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார்.

"பன்னெண்டு வருஷமா டாக்டர்" என்றார். "அப்பவே வந்திருப்பேன். என்னை விடல."