வியட்நாம் கல்யாணத்துக்குக் கொண்டுபோன மண்பானை

வாவிக் காற்று திரும்பி, கரையில் காயும் கருவாட்டின் வாசம் வாசல் படலையைத் தாண்டி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு வியட்நாம் முற்றம் நினைவுக்கு வருகிறது. சாப்பாட்டு மேசை முழுக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் மீன் ஊறிய சாறு. அந்த ஊரில் எனக்குப் பழக்கமாக இருந்தது அந்த வாசம் ஒன்றுதான்.

மகள் ஜப்பானில் வேலைக்குப் போன இடத்தில் கண்ட பொடியன்தான் மாப்பிள்ளை. கல்யாணம் அவனுடைய ஊரில், ஒரு பெரிய ஆற்றங்கரையில். இருவரும் அங்கேயே குடியிருப்பதாக முடிவு. ஒரு மாதத்துக்கு முன்பே மகள் புத்திமதி அனுப்பத் தொடங்கிவிட்டாள், தொலைபேசியில், குரலாக, ஒவ்வொன்றாக. வெள்ளை உடுத்த வேண்டாம், அங்கே அது துக்கத்தின் நிறம். கறுப்பும் வேண்டாம். தேத்தண்ணி தந்தால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். பெரியவர்கள் தொடங்கும்வரை சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. கழற்றிப் போட லேசான செருப்பு போதும். போகிற எவருக்கும் இவற்றை நானும் சொல்வேன். எல்லாம் சரியான புத்திமதி.

அவள் அப்பா போனபின் நான் வெளிறிய நிறங்களுக்குள் ஒதுங்கிவிட்டவள். காத்தான்குடிக் கடையில் தங்கச்சி ஒரு செம்மஞ்சள் சாரியை என் தோளில் விரித்துப் பிடித்தாள்.

"இத உடுத்திட்டுப் போனா ஆர் பொண்ணு எண்டு அவங்களுக்குக் குழம்பிரும்கா."

"வாயப் பொத்துகா" என்றேன். ஆனாலும் வாங்கினேன்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை வீட்டைவிட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவான். அதற்காகவே எங்கள் ஊரான தன்னாமுனையில் வீட்டு வளவின் முன்பக்கம் இரண்டு அறை கட்டி, யன்னலுக்கு நிறம் அடித்து வைத்திருந்தேன். பெண்ணை அனுப்பிவைத்துப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். அதற்கு எப்படி அழுவதென்றுகூட எனக்குத் தெரியாது. சரி, அந்த அறைகளில் இல்லாவிட்டால் என்ன, அவள் போய் இருக்கும் வீட்டிலாவது என் கையால் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வருவேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். புது மண்பானை ஒன்றைப் பழைய சாரியில் சுற்றினேன். அப்படி ஏதும் கொண்டுபோனால் பெட்டிக்குள் போடாதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விமான நிலையங்களில் அவிழ்த்துப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் நானே திரும்பச் சுற்றினேன்.

கல்யாணக் காலை. வாடகைக்கு எடுத்த வீடுதான் எங்கள் பெண்வீடு. சிவப்புத் துணி போர்த்திய தட்டங்களோடு மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக வந்தார்கள். துணியை விலக்கினால் வெற்றிலையும் குலைப்பாக்கும்! அந்த இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் இளகிவிட்டது. முன்னோரை வணங்கும் மேசையில் மகளின் அப்பாவுடைய படத்தையும் வைத்து ஊதுபத்தி கொளுத்தினார்கள். நான் இரண்டு கையாலும் தேத்தண்ணி வாங்கினேன். ஒன்றிலும் பிழை விடவில்லை.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு வாகனங்கள் புறப்படும் நேரம் நான் பானையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக ஏதோ சொன்னார். மகள் தலை குனிந்தாள்.

"அம்மா, இங்க பொண்ணுட அம்மா கூடப் போறதில்லயாம்."

"ஏனாம்?"

"தாய்ட முகத்தப் பாத்தா பொண்ணு அழுவாளாம். புது வீட்டில மனம் நிக்காதாம்."

"அப்ப என்ட முகத்தப் பாத்தா அழமாட்டியாமா?" என்றாள் என்னோடு வந்திருந்த தங்கச்சி. எனக்குப் பதிலாக அவள்தான் கூடப் போக வேண்டியவள். ஒருவரும் சிரிக்கவில்லை, அவளும்தான்.

"சாரிட நிறம் மட்டும் சொன்னியே புள்ள. இத ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்க எண்டு பயந்தன்."

வராமல் இருந்திருப்பேனா? இன்றுவரை எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் பெண், தாய் வீட்டுக்கு ஒருமுறை வந்து போவாளாம். அதையும் பிறகுதான் அறிந்தேன். போகிறவர்கள் அந்த நாளைத் தாண்டிப் பயணச்சீட்டு எடுங்கள். எங்களுடையது மறுநாள் விடியற்காலைக்கு.

வாகனத்துக்குள் ஏறி உட்கார்ந்தவளின் சிவப்பு மடியில் பானையை வைத்தேன். அவள் அழவில்லை. நான் முகத்தைச் சற்றுத் திருப்பியே வைத்திருந்தேன்.

"பால் நல்லாப் பொங்கி வழிய விடு. அவசரப்பட்டு அடுப்ப நூத்திராத."

"எந்தப் பக்கம் வழியணும் அம்மா?"

"கிழக்கால."

"அந்த வீட்டில கிழக்கு எந்தப் பக்கமெண்டு எனக்குத் தெரியாதே."

வாகனம் அசையத் தொடங்கியது. யன்னலைப் பிடித்தபடி நானும் நாலு அடி நடந்தேன்.

"விடிய எழும்பிப் பார் மகள். தெரியும்."