பருப்பு வேகும் ஊர்

பார்த்தே இராத இரண்டு ஊர்களில் எதில் போய் வாழ்வது என்பதை ஒருவர் எதை வைத்து முடிவு செய்வது? எனக்குத் தெரியவில்லை. சென்ற வாரம் கல்லூரி அலுவலகத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு, வேதியியல் துறையில் இருந்த சாரதாமணி அக்கா காலமான செய்தியைச் சொன்னது. நாங்கள் ஆசிரியர் அறையில் கூடினோம். பிறகு யாரோ "பருப்பு" என்றார்கள். இரங்கல் கூட்டத்தில் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்ற கையோடு குளியலறையில் வழுக்கி விழுந்தார். கணவர் முன்பே இறந்துவிட்டார். இனித் தனியாக இருக்கக் கூடாது என்று மகனும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள். குரல்தான் ஒன்று, ஊர் இரண்டு. மகன் மெல்போர்னுக்கு அழைத்தான், மகள் லண்டனுக்கு. அவன் கடற்கரைப் படங்கள் அனுப்பினால் அவள் பூங்காப் படங்கள் அனுப்பினாள். "ரெண்டு பேரும் சைட்டு விக்கற புரோக்கராட்டப் பேசறாங்க அம்மணி" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். ஒருவரிடம் போனால் மற்றவருக்கு மனம் நோகும். அந்தக் கவலையில் பாதி ஆளாகிவிட்டார்.

நான் பொருளியல்காரி. வாடகை, மருத்துவ வசதி, குளிர் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க கண்ணு. தண்ணி எப்படீன்னு சொல்லு" என்றார். சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்கள் சொர்க்கத்துக்குப் போனாலும் முதலில் குழாயைத்தான் திறந்து பார்ப்பார்கள். "படத்தை எப்படி வேணும்னாலும் புடிக்கலாம். தண்ணியப் பொய் சொல்ல வெக்க முடியாது" என்பது அக்காவின் கட்சி.

எனவே ஆளுக்கொரு பாட்டில் குழாய்த் தண்ணீர் அனுப்பும்படி பிள்ளைகளுக்கு உத்தரவு போனது. ஊருக்கு வருபவர்களிடம் அவர்களும் கொடுத்தனுப்பினார்கள். மெல்போர்ன் பாட்டிலை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி திறந்து மோந்து பார்த்தாராம். விளக்கத்தைக் கேட்டதும், மேலே எதுவும் கேட்காமல் விட்டுவிட்டாராம்.

ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வகத்தில் அக்கா சொன்னால் சொன்னதுதான். மெல்போர்ன், லண்டன், சிறுவாணி மூன்றையும் மூன்று டம்ளர்களில் ஊற்றச் செய்தார். பெயர்ச் சீட்டு டம்ளரின் அடியில். இதே ஊரில், கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்த் துறை நசீமா முதலில் வந்தார். ஒரு டம்ளரைக் காலி செய்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"இதுதானுங்க சிறுவாணி. இல்லீன்னா எம் பேரையே மாத்திக்கறேன்."

நாங்களும் அதையே சொன்னோம். அக்காவும்தான். டம்ளரைத் திருப்பிப் பார்த்தால், மெல்போர்ன்.

"புதுப் பேரு என்னங்க அம்மணி வெக்கலாம்?" என்றார் அக்கா.

அடுத்தது பருப்பு. இரண்டு வெளிநாட்டுத் தண்ணீரிலும் துவரம்பருப்பை வேகவைத்தார். மெல்போர்ன் பருப்பு கரண்டி பட்டதும் மசிந்தது. லண்டன் பருப்போ வெந்நீரில் குளித்துவிட்டு எழுந்து வந்ததுபோல் முழுசாகக் கிடந்தது. பாத்திரத்தின் ஓரமெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு. மகன் ஜெயித்துவிட்டான் என்று நசீமா கைதட்டினார். அக்கா லண்டன் பருப்பில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

சோதிக்காமல் எதையும் நம்பாத குணம் எனக்கு முன்பே உண்டு. சோதனை என்ன சொன்னாலும் முடிவு நம் கையில்தான் என்ற தைரியத்தை மட்டும் அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இன்றும் அது என்னிடம் இருக்கிறது.

மறுநாள் நடந்தது இது. காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். லண்டன் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தார்.

"ஏனுங்க அக்கா, மெல்போர்ன்தானுங்களே ஜெயிச்சுது?"

"ஜெயிச்சுது. அவன் ஊட்டுல பருப்பு தானா வெந்துக்கும். இந்தப் புள்ள இத்தன வருசமா வாயத் தொறக்காம அந்தக் கல்லத் தின்னுட்டிருக்கறா பாரு."

அப்படியே பாத்திரக் கடைக்குப் போய்ப் பெரிய குக்கர் ஒன்று வாங்கினோம். குக்கரை என் மடியில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த ஐ.எஸ்.டி. பூத்தில் மகனை அழைத்தார்.

"உன்ற ஊர்த் தண்ணி நெம்ப நல்லாருக்குது கண்ணு. அதனால நான் லண்டனுக்குப் போறேன்" என்றார். பிறகு ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.