அத்தானுக்கு ஒரு பிளக்

சிங்கப்பூர் தேக்காவில் அந்த எலக்ட்ரிக் கடைக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டேன்: "இருக்கிறதுலயே நல்ல பேட்டரியா காட்டுங்க. கேம்பர் வேனுக்கு."

வாங்க வைத்தது ஆசையில்லை, ஆத்திரம். அதுவும் அத்தான்மேல். என் அக்காவின் கணவர்.

போன வருடப் பள்ளி விடுமுறையில் இரண்டு குடும்பமும் மலேசியாவில், ஜொகூரில் கேம்பர் வேன் எடுத்துக் கடற்கரையில் அதிலேயே தங்கினோம். எனக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கும். முகத்தில் மாட்டும் மெஷின் இல்லாமல் படுக்கக் கூடாது. கரண்டுக்கு அத்தான் பெட்ரோல் ஜெனரேட்டர் கொண்டுவந்திருந்தார். நான் தூங்கியதும், தன் கரோக்கே ஸ்பீக்கருக்காக என் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அதோடு விட்டாரா? வாயைப் பிளந்து நான் விட்ட குறட்டையை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார். அதில் என் மகளின் மாமியார் இருக்கிறார். மானம் கப்பலேறியது.

"மச்சினிய அத்தான் கேலி பண்ணாம வேற யாரு பண்ணுவா? விடு லா," என்றாள் அக்கா. எல்லோரும் அதையே சொன்னார்கள். மூச்சு நின்று நான் போய்ச் சேர்ந்திருந்தாலும் கேலிதான் போலிருக்கிறது! பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருடம் காத்திருந்தேன்.

என் மெஷினைப் பற்றிச் சொன்னதும் கடைக்காரர் ஜெனரேட்டரையும் காட்டினார். "ஏர்கான் ஓட்டணும்னா இதுதான் மேடம். ஆனா சத்தம், புகை. வேன்கிட்ட வைக்கவே கூடாது. உங்க மெஷினுக்கு இந்த லித்தியம் பேட்டரி போதும். காத்த ஈரமாக்க மெஷின் தண்ணி சூடாக்குறத ஆஃப் பண்ணிட்டா ரெண்டு ராத்திரி தாராளமா ஓடும்."

"அதவிடப் பெருசு?"

"அது ரெண்டு மெஷினுக்கு ஓடும். உங்களுக்கு வேஸ்ட் மேடம்."

"பரவால்ல, அதையே குடுங்க." இனி அந்த மனிதரிடம் கரண்டுக்குக் கையேந்த நான் தயாராக இல்லை.

இந்த வருடமும் அதே கடற்கரை. அத்தான் ஜெனரேட்டரை இறக்கியதும் அங்கே காவலுக்கு இருந்த மலாய்க்காரர் ஓடிவந்து தடுத்தார். பக்கத்து வேன்காரர்கள் சத்தத்துக்குப் புகார் சொல்கிறார்களாம். அத்தான் அதை மறுபடி காருக்குள் ஏற்றினார்.

பொழுது சாய்ந்ததும் ஒரு சாம்பல்நிறப் பையோடு என்னிடம் வந்தார். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. என் மெஷினுக்கும் அதே பைதான்.

"உன் பேட்டரில ஒரு பிளக் கிடைக்குமா? இது இல்லாம படுக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர்," என்று கிசுகிசுத்தார். "யாருகிட்டயும் சொல்லிடாத."

ஆகா! வயிறு குளிர்ந்தது.

"தாராளமா அத்தான். குரூப்ல ஒரு வார்த்த கேளுங்க, தரேன்."

"விளையாடாத லா."

"கேலிதான் அத்தான். அத்தான மச்சினி கேலி பண்ணாம வேற யாரு பண்ணுவா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஆதரவுக்கு அவளைப் பார்த்தார். அவள் மறுபடி வெங்காயத்தில் குனிந்துகொண்டாள்.

அசடு வழிய போனை எடுத்தார் அத்தான். என் போனும் மணியடித்தது: 'எனக்கும் குறட்டை மெஷின் குடுத்திருக்காங்க. மச்சினி, ஒரு பிளக் வேணும்.'

பாவமாக இருந்ததா என்றால், இல்லை. சம்பந்தியம்மா சிரிப்புப் பொம்மை போடும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகுதான் பிளக்கைக் கொடுத்தேன். அன்று அப்படியொரு தூக்கம் தூங்கினேன்.